யூ மரத்தைப் பற்றிய பத்தி

1974 மார்ச் 4

காலை ஷிப்ட். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இரண்டு கொதிகலன்கள். ஒன்று ஒழுங்காக எரிகிறது, மற்றது கிழவனைப் போல இருமிக்கொண்டே இருக்கிறது. கூட வேலை செய்யும் லோய்ஸா விடுப்பு முடிந்து வந்துவிட்டான். மச்சான் வீட்டில் பன்றி வெட்டினார்களாம். எனக்கும் ஒரு பொட்டலம். சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன், தாளெல்லாம் கொழுப்பு.

எங்கள் செக் மொழியில் மார்ச் மாதத்தின் பெயர் பிர்ச் மரத்திலிருந்து வந்தது. ஏப்ரலின் பெயர் ஓக் மரத்திலிருந்து. இப்படி மரத்தை வைத்தே நாள் எண்ணுகிற ஸ்லாவ் இனத்தாரிடம், அந்த மரங்களுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். திருதிருவென்று விழிப்பார்கள். எனக்குத் தெரியும். என் பாதி ஆயுள் அதில்தான் போயிற்று. எழுதியும் முடித்துவிட்டேன், அச்சிடத்தான் முடியாது. 1968இல் ரஷ்ய டாங்கிகள் எங்கள் நாட்டுக்குள் வந்தது சகோதர உதவி என்று ஒரு தாளை நீட்டினார்கள், நான் கையெழுத்துப் போடவில்லை. பேராசிரியர் லூமிர் க்ரெஷ்லிக் கரி அள்ளுகிறவன் ஆனான். என் பெயர் எந்த அட்டையிலும் வரக் கூடாது. பிறர் எழுதும் அடிக்குறிப்பில்கூட வரக் கூடாது.

இன்று ஒதகர் மிக்ஷிக் வந்தான். என் பழைய மாணவன். நான் இருந்த அதே ஆய்வு நிறுவனத்தில் இன்னும் இருக்கிறான். தாளில் கையெழுத்துப் போட்டான், அதனால் இருக்கிறான். நாற்பத்து நான்கு வயதில் அவன் எழுதிக் கிழித்தது ஆறு கட்டுரை. ஆறையும் சேர்த்துப் படித்தால் நல்ல தூக்கம் வரும். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"புரொபசர், உங்க மரப்பெயர் புத்தகம் என் பேர்ல வரட்டுமே. கிடைக்கிற பணம் எல்லாம் உங்களுக்கு. பேர் மட்டும்தான் என்னோடது."

ஊரில் இதற்குக் கூரை போடுவது என்று பெயர். தடைபட்டவன் எழுதுவான். தடைபடாதவன் தன் பெயரை மேலே கூரையாகப் போட்டு மூடுவான். மாட்டிக்கொண்டால் கூரை போட்டவனுக்கும் வேலை போகும். ஒதகருக்கு அது தெரியாமல் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் அவனுக்கு.

"உன் பேர்ல வந்தா யாருடா நம்புவா?" என்றேன்.

அசடு வழியச் சிரித்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். யோசிக்க என்ன இருக்கிறது? வேறு யார் வந்து நிற்கிறார்கள் என் வாசலில்?

மார்ச் 5

திராஹாவிடம் சொன்னேன். ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அவனுக்கு ஒரு நன்றி சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவன் பேருக்கு முதல் தடவையா ஒரு மரியாதை தேடித் தர்றேன்."

"உன்கூட இத்தன வருஷம் குப்பை கொட்டுனதுக்கு எனக்கும் யாராவது ஒரு மரியாதை தேடித் தந்தா தேவல" என்றாள் என் மனைவி. ஆனாலும் தட்டச்சு செய்து தருகிறேன் என்றாள்.

ஏப்ரல் 11

ஒதகருக்கு இன்று முதல் தேர்வு. புத்தகம் அவனுடையது என்று எவனும் சந்தேகப்படாமல் இருக்க வேண்டுமானால் அது முழுக்க அவன் மண்டையில் இருக்க வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை கொதிகலன் அறைக்கு வர வேண்டும், நான் கேட்பேன், அவன் சொல்வான். பல்கலைக்கழகத்தில் செய்வதுபோலவே செய்கிறேன். கேள்விகளைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டு எடுக்கச் சொன்னேன். மாணவனாக இருந்தபோது வாங்கிய மதிப்பெண் புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னேன், கொண்டுவந்தான். இருபது வருடம் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறான் அசடு.

சீட்டில் பீச் மரம் வந்தது. ஸ்லாவ் மொழிகள் எல்லாவற்றிலும் பீச் மரத்தின் பெயர் ஜெர்மானியரிடம் வாங்கியது. கடன் வாங்கினார்கள் என்றால் என்ன பொருள்? பழைய ஸ்லாவ்கள் பீச் வளராத கிழக்கில் இருந்தார்கள், மேற்கே நகர்ந்தபோதுதான் அந்த மரத்தையே பார்த்தார்கள் என்று வாதிக்கலாம். ஒரே ஒரு மரப்பெயர், ஓர் இனத்தின் வீடு எங்கே இருந்தது என்று காட்டப் பார்க்கிறது. இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர வேண்டாமா? ஒதகர் பால் கணக்கு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தான்.

"போதாது. அடுத்த வாரம் வா."

"எது தப்பு, புரொபசர்?"

"எதுவும் தப்பு இல்ல. நீ எழுதின புத்தகம் மாதிரி இல்ல. எழுதினவனுக்கு நெஞ்சு அடிக்கும்."

மதிப்பெண் புத்தகத்தில் 'போதாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான்கு வருடத்துக்குப் பிறகு ஒரு கல்வித் தாளில் என் கையெழுத்து. நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 25

போதாது.

மே 9

லோய்ஸா அவனைப் பார்த்ததும் கேட்கிறான்: "என்ன சார், இன்னிக்காவது பாஸ் ஆவீங்களா, இல்ல அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்வாரா?" ஒதகரும் சேர்ந்து சிரிக்கிறான். கோபமே வராத ஆளைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

இன்று ஓக். பல உறவுமொழிகளில் ஓக் மரத்தின் பழம்பெயர் இடிக் கடவுளோடு ஒட்டியது. நம்மிடம் கடவுளின் பெயர் மிஞ்சியிருக்கிறது, மரத்தின் பெயர் போய்விட்டது. இடத்தில் வேறு சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. பயத்தில் பழைய பெயரை வாயால் சொல்லாமல் விட்டார்கள் என்று ஒரு கருத்து உண்டு. என் கருத்தும் அதுதான். சொல்லாமல் விட்ட பெயர் இரண்டு மூன்று தலைமுறையில் செத்துப்போகும்.

ஒதகர் இதை நன்றாகச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, கரி மூட்டையைப் பார்த்துக்கொண்டே, "நிறுவனத்துல உங்க பேரை யாரும் சொல்றதில்ல, புரொபசர். 'அந்த ஆள்'னுதான் சொல்றாங்க. இயக்குநர் ஹ்லாவ்சாகூட" என்றான்.

ஹ்லாவ்சா. 1956 கோடையில் வலாஷ்ஸ்கோ மலை ஊர்களில் என் பின்னால் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். காலெல்லாம் கொப்புளம், இறங்கும்போது அழுதான். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

'நன்று' என்று போட்டேன். அவன் முகம் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல மலர்ந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

செப்டம்பர் 19

தட்டச்சுப் பிரதியைப் பதிப்பகத்தில் கொடுத்துவிட்டான். ஹ்லாவ்சா கூப்பிட்டுக் கேட்டானாம்: "உனக்கு எப்பய்யா இவ்வளவு மூளை வந்துச்சு?" இவன் சொன்னானாம்: "மெதுவாத்தான் வந்துச்சு, தோழரே."

மோசமான பதில் இல்லை. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

1975 பிப்ரவரி 2

இருமும் கொதிகலன் நின்றுவிட்டது. கைகளில் தீக்காயம். திராஹா வாத்துக் கொழுப்பு தடவிவிட்டாள்.

மார்ச் 20

புத்தகம் வந்துவிட்டது. பச்சை அட்டை. 'ஸ்லாவ் மரப்பெயர்களின் பிறப்பு.' கீழே ஒதகர் மிக்ஷிக்.

சதுக்கத்துப் புத்தகக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். கரி படிந்த கோட்டு. உள்ளே இருந்த பெண் என்னையே பார்த்தாள், திருட வந்தவன் என்று நினைத்திருப்பாள். பறிகொடுத்தவன் என்று எப்படித் தெரியும் அவளுக்கு? இல்லை, அப்படி எழுதக் கூடாது. அவன் திருடவில்லை. நான்தான் கொடுத்தேன். கொடுத்ததைப் பார்க்கும்போது ஏன் இப்படி வயிறு எரிகிறது?

மாலை ஒதகர் முதல் பிரதியோடு வீட்டுக்கு வந்தான். பிளம் சாராயமும் கொண்டுவந்தான். பேனாவை நீட்டி, "நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க புரொபசர், எனக்கு. ரகசியமா வச்சுக்கறேன்" என்றான்.

"உன் புத்தகத்துல நான் எப்படிப் போடுறது? வேணும்னா நீ எனக்குப் போட்டுக் கொடு. 'கரி அள்ளுகிறவருக்கு, அன்புடன், நூலாசிரியர்.'"

திராஹா கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒதகர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டான். அப்போதும் சிரித்தான், ஆனால் சாராயத்தைக் குடிக்கவில்லை.

மார்ச் 23

வரி வரியாகப் படித்துவந்தேன். யூ என்ற ஊசியிலை மரத்துப் பகுதியில் ஒரு பத்தி. அது நான் எழுதியது இல்லை.

திரும்பவும் படித்தேன். நான் எழுதியதே இல்லை. ஊர் மாறிப் போகிறவர்கள் பழைய பெயர்களைக் கூடவே எடுத்துப் போய்ப் புதிய மரங்களில் மாட்டுவார்கள், ஆகவே நாம் யூ மரத்துக்குச் சொல்லும் 'டிஸ்' என்ற பெயர் முன்பு சிவந்த கட்டையுள்ள வேறொரு மரத்தினுடையதாக இருந்திருக்கலாம் என்று ஓர் ஊகம். இருந்திருக்கலாமாம். என் புத்தகத்தில், என் வாக்கியங்களுக்கு நடுவே, முழங்கையால் இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 27

கேட்டேன். தேர்வு நேரத்துக்கே வந்தான், பழக்கதோஷம்.

"அச்சுத் திருத்தம் பார்க்கும்போது தோணுச்சு, புரொபசர். உங்களைக் கேக்க நேரம் இல்ல, ஆள் காத்துக்கிட்டு நின்னான். ஒரே ஒரு பத்திதான். முழு புத்தகத்துக்கும் என் பேரு இருக்கு, அதுல ஒரு பத்தியாவது நிஜமா என்னோடதா இருந்தா ராத்திரி தூக்கம் வரும்னு நினைச்சேன்."

"நாய் கம்பத்துல மூத்திரம் போற மாதிரி" என்றேன்.

லோய்ஸாகூடத் தலையைத் திருப்பிக்கொண்டான். ஒதகர் தொப்பியை எடுத்தான். "அடுத்த பதிப்புல எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினான்.

செப்டம்பர் 14

போலந்துப் பத்திரிகையில் மதிப்புரை வந்திருக்கிறது. ஒதகர் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினான். மூன்று பக்கம். உழைப்பு மிக்க நூல், முழுமையான நூல், பயனுள்ள நூல் – இறந்துபோனவனுக்குச் சொல்கிற சொற்கள். பிறகு கடைசியில்: 'ஆனால் நூலின் உண்மையான ஒளி யூ மரத்தைப் பற்றிய பத்தியில் இருக்கிறது. துணிச்சலான, புதிய பார்வை. ஆசிரியர் இந்தத் திசையில் மேலும் எழுத வேண்டும்.'

அந்த இடத்தில் ஒதகர் பக்கத்தைப் புரட்டினான். தாவிப் போகப் பார்த்தான். "நிறுத்தாதே, படி" என்றேன். படித்தான். காது மடல் வரை சிவந்து போயிற்று அவனுக்கு.

"அவருக்கு ஒண்ணும் தெரியல, புரொபசர்."

"தெரியும். உன்னைத் தெரியும், என்னைத்தான் தெரியாது."

எழுதி முடிக்க எத்தனை வருடம்! பீச் மரத்தின் வீடு, ஓக் மரத்தின் பயம், லிண்டன் மரத்தின் பிசின், எல்லாம் 'பயனுள்ளது'. அச்சுக்கூடத்து ஆள் வாசலில் நிற்க அவசரமாகக் கிறுக்கிய பத்தி ஒளியாம். அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 15

அந்தப் பத்தி தப்பு. எனக்கு நிச்சயமாகத் தெரியும் தப்பு என்று.

அக்டோபர் 5

மறுப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். யூ மரத்துப் பத்தி மட்டும். ய. லெஸ்னி என்று போலந்துப் பெயர் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். காட்டுக்காரன் என்று பொருள், கொஞ்சம் குறும்பு இருக்கட்டும்.

திராஹாவுக்குத் தெரியாது. ஷிப்டில் எழுதுகிறேன். லோய்ஸா, "என்ன டாக்டரே, முகத்துல இவ்வளவு சந்தோஷம்? யாரையாவது கொல்லப் போறீங்களா?" என்றான். நல்ல கேள்வி.

அவன் ஊகத்தை நாலே வரியில் உடைக்கலாம். வலாஷ்ஸ்கோ மலையில் ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பெயரை எந்தெந்த மரத்துக்குச் சொல்கிறார்கள், எதற்குச் சொல்வதில்லை என்று 1956இல் ஊர் ஊராக நான் எழுதிவைத்தேன். இன்றுவரை அச்சேறாத சான்று. அதைப் போட்டால் ஒதகரின் பத்தி எழுந்திருக்கவே முடியாது.

அதைப் போடும்போது அடிக்குறிப்பில் இடமும் மாதமும் சொன்னவர் பெயரும் கொடுக்க வேண்டும். கொடுத்திருக்கிறேன். சான்று எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் எழுத எனக்குக் கை வராது. மொட்டையாக எழுதினால் அது வசை, மறுப்பு இல்லை.

அக்டோபர் 18

செருப்பு வாங்க ஊருக்கு வந்த போலந்துக்காரர் ஒருவர், பழைய நண்பர், கோட்டின் உள்பைக்குள் வைத்து எடுத்துப்போய்விட்டார். அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கட்டுரை அனுப்புவது குற்றம். எனக்கு என்ன, என்னிடமிருந்து பிடுங்க இனி கரி அள்ளும் மண்வாரிதான் இருக்கிறது.

1976 ஏப்ரல் 22

ஒதகர் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். "யாரோ லெஸ்னியாம், புரொபசர். என்னைத் தோலை உரிச்சுக் காயப் போட்டுட்டார்." சமையலறையில் உட்கார்ந்து முழுவதையும் படித்தான். 'நூலாசிரியர் தன் அறைக்கு வெளியே ஒரு மரத்தையாவது பார்த்திருப்பாரா என்பது ஐயம்' என்ற வரியில் அவனே சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அந்த வரிக்கு இரண்டு ஷிப்ட் உழைத்தேன்.

"பயங்கரமான ஆளு" என்றான். "ஆனா சரியாச் சொல்றார்."

"எழுதத் தெரிஞ்சவன்" என்றேன்.

பிறகு அடிக்குறிப்புக்கு வந்தான். இரண்டு முறை படித்தான் போலிருக்கிறது. பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் கிளம்பினான்.

அவன் போனதும் திராஹா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நீதான்."

"என்ன உளர்றே."

"அறைக்கு வெளியே ஒரு மரத்தையாவது பார்த்திருப்பாரா. நம்ம கல்யாணமான வருஷம் என் தம்பியைப் பத்தி இதே வாக்கியத்தைத்தான் சொன்னே. உனக்கு ரெண்டு பேரைத் திட்டத் தனித்தனி வாக்கியம்கூட வராது, லூமிர்."

ஏப்ரல் 23

திராஹா முன்னறையில் படுத்துக்கொண்டாள்.

மே 12

நிறுவனத்திலிருந்து ஆள் வந்தது. நாளைக் காலை விசாரணைக்கு வர வேண்டுமாம். ஹ்லாவ்சா அடிக்குறிப்பைப் படித்துவிட்டான். மலை, மாதம், ஆடு மேய்ப்பவனின் பெயர் எல்லாம் அவன் கொப்புளக் காலோடு நின்று கேட்டவை. லெஸ்னி யார் என்று அவனுக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும். லெஸ்னி நான்தான் என்று முடிவானால், இத்தனை நுணுக்கமாக இந்தப் புத்தகத்துக்குள் எப்படிப் புகுந்தேன் என்று அடுத்த கேள்வி வரும். அப்புறம் கூரையையும் பிரித்துப் பார்ப்பார்கள்.

இவ்வளவு மண்டை வைத்துக்கொண்டு ஒரு அடிக்குறிப்பை விட முடியவில்லையா உன்னால்? முடியவில்லை. இப்போது கேட்டாலும் போடத்தான் போடுவேன்.

பயமாக இருக்கிறது. இந்த வயதில் ஜெயிலா? எனக்கு மூச்சு இரைக்கிறது, ஜெயிலில் யார் பார்ப்பார்கள்? திராஹாவை எழுப்பிச் சொல்லலாமா என்று அவள் கதவு வரை போனேன், தட்டவில்லை.

மே 13

எனக்கு முன்னால் ஒதகரை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். நான் தாழ்வாரத்து பெஞ்சில். கதவை யாரும் சரியாகச் சாத்தவில்லை, அல்லது நான் கேட்க வேண்டுமென்றே விட்டிருந்தார்கள்.

ஹ்லாவ்சாவின் குரல்: "உன்னை அசிங்கப்படுத்தினவன் வெளிய பெஞ்சில உக்காந்திருக்கான். ஒரு கையெழுத்துப் போடு. அந்த ஆள்தான் பொறாமையில எழுதிக் கள்ளத்தனமா அனுப்பினான்னு. உன் பேருக்கு ஒரு களங்கமும் இல்ல."

அது பொய்கூட இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. போட்டிருக்கலாம் அவன்.

"லெஸ்னி நான்தான், தோழரே" என்றான் ஒதகர்.

ஹ்லாவ்சாவின் நாற்காலி கிறீச்சிட்டது.

"உன் புத்தகத்தை நீயே ஏன்யா அடிக்கப் போற?"

"அந்தப் பத்தி தப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. எல்லாரும் பாராட்டவும் தாங்க முடியல. என் பேர்லயே எழுத வெக்கமா இருந்துச்சு."

"மலைக் குறிப்பு?"

"அந்த ஆள் போறப்ப அலமாரியில விட்டுட்டுப் போனது. எடுத்து வச்சுக்கிட்டேன். கேட்டா சொல்றேன், எந்த ஊர், யார் சொன்னதுன்னு."

கேட்டார்கள். தொப்பியில் சீட்டு எடுக்காத குறைதான். மறுப்பிலிருந்த ஒவ்வொரு ஊரையும் சொன்னான், வரிசை தப்பாமல். பிறகு புத்தகத்திலிருந்து கேட்டார்கள் – பீச், லிண்டன், வில்லோ. பீச் மரம் வந்தபோது அவன் குரல் உயர்ந்தது. இரண்டு வருடமாக நான் கேட்டும் வராத குரல்.

உள்ளே போய், இவன் பொய் சொல்கிறான், நான்தான் என்று சொல்லியிருக்கலாம். கதவு நாலடி தூரம். முழங்காலில் கை வைத்து எழுந்தேன்கூட. அப்போது ஹ்லாவ்சா சொன்னான்: "சரி. எழுதிக் கொடு. அனுமதியில்லாம வெளிநாட்டுக்கு அனுப்பினது, பொய்ப் பேர்ல. என்ன ஆகும்னு தெரியும்ல?" அவன் குரலில் ஒரு நிம்மதி. பொய் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் இந்தப் புத்தகம் வந்ததிலிருந்து அவன் நாற்காலிக்கு அடுத்தவன் ஒதகர்தான் என்று பேச்சு. எந்த உண்மை தனக்கு வசதியோ அதை எடுத்துக்கொண்டான்.

"தெரியும்" என்றான் ஒதகர்.

நான் உட்கார்ந்தேன். எழுத்தர் பெண் வந்து, "நீங்க போகலாம், உங்களைக் கேக்க ஒண்ணும் இல்ல" என்றாள். காலை ஷிப்ட் தவறியதற்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 14

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். சீட்டு வாங்கியதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஜூன் 30

ஒதகருக்கு வேலை போய்விட்டது. புத்தகத்தைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், நூலகங்களிலும் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார்கள். பெரிய பெண்ணுக்கு மேல்நிலைப் பள்ளியில் இடம் இல்லையாம். தையல் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். நன்றாகப் படிக்கிற பெண்ணாம். திராஹா இதையெல்லாம் என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நான் அவனைச் சொல்லச் சொல்லலியே" என்றேன்.

"ஆமாம். நீ சொன்னதெல்லாம் நாய், கம்பம். லோய்ஸா சொன்னான்."

ஆகஸ்ட் 8

ஒதகர் ஊருக்கு வெளியே கிணறு தோண்டும் இடங்களில், சக்கரம் வைத்த மரக்கூண்டில் தங்கி, நீர்மட்டம் பார்க்கிறான். திராஹா வாரா வாரம் அவன் வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறாள். எனக்கும் வைத்துவிட்டுத்தான் போகிறாள், ஆறிப்போனது.

நவம்பர் 21

ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்று பேருந்து நிறுத்தம் வரை போனேன். என்ன சொல்வது? 'நன்று' என்றா? திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 19

கிறிஸ்துமஸுக்குக் கெண்டை மீன் வாங்க வரிசையில் நின்று வந்தால், சமையலறையில் ஒதகர். இளைத்திருக்கிறான், கையெல்லாம் வெடிப்பு. திராஹா அவனுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேசைமேல் போலந்துப் பத்திரிகையின் புதிய இதழ்.

"ஆசிரியர் குறிப்பு ஒண்ணு வந்திருக்கு. புரொபசரும் பாக்கணும்ல, அதான் எடுத்துட்டு வந்தேன்" என்றான்.

ய. லெஸ்னி என்பவர் உண்மையில் நூலாசிரியர் டாக்டர் ஒதகர் மிக்ஷிக்கே என்று பிர்னோவில் உள்ள எங்கள் ஆய்வு நிறுவனம் கடிதம் எழுதித் தெரிவித்திருக்கிறதாம். அதற்குக் கீழே பத்திரிகை ஆசிரியர் எழுதியிருக்கிறார்: 'தன் நூலில் எல்லோரும் பாராட்டிய ஒரு பகுதியைத் தானே இவ்வளவு கடுமையாக, இவ்வளவு அழகாக மறுத்த அறிஞரை நாம் கண்டதில்லை. நூலைவிட இந்த மறுப்பு உயர்ந்தது. இந்த நேர்மைக்குத் தலை வணங்குகிறோம்.'

மூன்று முறை படித்தேன். புத்தகம் அவன் பெயரில். அதில் பாராட்டுப் பெற்ற பத்தி அவனுடையது. அந்தப் பத்தியை நான் கொன்றேன், அந்தக் கொலையும் இப்போது அவன் பெயரில், அதுவும் நேர்மை என்ற பட்டத்தோடு. என் மலை, என் ஆடு மேய்ப்பவன், நான் பாடுபட்டுச் செதுக்கிய அந்த ஒரு வரி – எதிலும் நான் இல்லை. எனக்கென்று இந்த உலகத்தில் ஒரு வசைகூட மிச்சமில்லை.

ஒதகர் சூப்பை முடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தான். என்னை நேராகப் பார்த்தான். அவன் என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"உங்க மறுப்புல ஒரு அடிக்குறிப்பு, புரொபசர். புத்தகத்தோட பக்க எண் தப்பு. அவங்களுக்கு எழுதித் திருத்திட்டேன்."

'உங்க மறுப்பு' என்றான். அத்தனை நாளும் தெரிந்தே இருந்திருக்கிறான். திராஹா அடுப்படியிலிருந்து திரும்பினாள். இருவரும் காத்திருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தேன்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

ஒதகர் சொன்னான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திராஹா மீனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே படியிறங்கினாள். நான் மறுப்பின் கைப்பிரதியையும் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி.